ஒரு வெடி என்றால் நிறுத்து

ஆமத்தூரில் காற்றுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. ஆனி பிறந்துவிட்டால் மேற்கேயிருந்து வரும் காற்று, கொடியில் காய்கிற சேலையை உருவிக்கொண்டு போய் விருதுநகரில் வேறொருத்தியின் கொடியில் போட்டுவிடும். விருதுநகர்க்காரிகள் அதைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை. பஞ்சமெல்லாம் கரண்டுக்குத்தான். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. கரண்ட் போனால் யாரும் கவனிப்பதில்லை. வந்தால்தான் ஜனங்கள் என்னவோ ஏதோவென்று வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

அந்த வருஷத்தில்தான் முருகம்மாளின் புருஷன் உக்கிரபாண்டி, தான் மின்வாரியத்துக்குக் கரண்ட் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

முருகம்மாள் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதைவிடப் பெரியதெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"கயத்தாறுப் பக்கம் காத்தாடி நட்டு வச்சிருக்கானே மில்லுக்காரன், அவன் அங்கன உண்டாகுத கரண்டை வாரியத்துக் கம்பியில விட்டுட்டு, இங்கன அவன் மில்லுல எடுத்துக்கிடுதான். மிஞ்சுனதைப் போட்டு வச்சுப் பொறவும் எடுக்கான். பஸ்ஸுல ஒரு ஆளு சொன்னாரு. அதே மாதிரி நான் ஆடிக் காத்துல போட்டு வச்சுட்டுப் பங்குனி வெயில்ல ஃபேனைப் போட்டு எடுத்துக்கிடுதேன்."

"போட்டதுக்குச் சீட்டு குடுப்பாகளா?"

அவருக்குக் காது கேட்கவில்லை. அவர் தொழில் அப்படி. முருகம்மாள் வேலை பார்க்கிற அதே பட்டாசுக் கம்பெனியில்தான் அவரும் இருந்தார். ஒவ்வொரு லோடிலிருந்தும் நாலைந்து வெடியை எடுத்துப் பொட்டலில் வைத்துக் கொளுத்தி, "சத்தம் சரி" என்று சொல்கிற வேலை. சரி சொல்லிச் சொல்லியே இடது காது போய்விட்டது. வலது காது இருந்தது, ஆனால் அது வெடியை மட்டும்தான் மதிக்கும். அதிலும் ஒற்றைக் காதுக்காரருக்குச் சத்தம் வரும், திசை வராது. மேற்கே வெடித்தால் கிழக்கே பார்த்துக் கும்பிடுவார். கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியபோது கடிகாரம், சால்வை என்று எதுவும் கொடுக்கவில்லை. ஒரு பெட்டி வெடி கொடுத்தது.

திருத்தங்கலில் முகம்மது நூகுவின் பழைய இரும்புக் கடையில் மோட்டார் கிடைத்தது. அச்சாபீஸில் ஓடி ஓய்ந்த மோட்டார். "காலண்டரா அடிச்ச மோட்டாரு அண்ணாச்சி. பூராவும் சாமி படம். சொன்ன பேச்சு கேக்கும்" என்று நூகு துண்டால் துடைத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் தலை கருகி நின்ற மொட்டைப் பனையின் உச்சியில் அதை ஏற்றி, தகர டிரம்மை வெட்டி இறக்கை மாட்டி, வயரைக் கீழே இழுத்து, மீட்டருக்குப் பக்கத்தில் பெரிய கைப்பிடி வைத்த ஒரு சுவிட்சில் முடிந்தார். அச்சு மிஷினின் சுவிட்ச். தூக்கினால் கரண்ட் கம்பிக்குப் போகும். இறக்கினால் நிற்கும்.

முதல் தடவை தூக்கியபோது முருகம்மாள் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் முன்னால் ஓடிக்கொண்டிருந்த அலுமினியத் தட்டு மெதுவானது. நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு, வந்த வீடு தப்பு என்று தெரிந்துகொண்ட விருந்தாளி மாதிரி, சத்தமில்லாமல் பின்னால் போக ஆரம்பித்தது.

"பாத்தியா, வரவு!" என்றார் உக்கிரபாண்டி.

அவள் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். திரியும் மருந்துமாக வேலை பார்க்கிறவளுக்கு ஒன்று தெரியும். ஒரு பக்கமாகப் போகவேண்டியது மறுபக்கமாகத் திரும்பி வந்தால், அது நல்லதுக்கு வருவதில்லை.

மின்வாரிய ஆபீஸுக்குப் போய் உக்கிரபாண்டி வரவு எழுதச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டு, "வீட்டுக்காரங்க குடுக்கதுக்கு இன்னும் ரூல் வரலையே பெரியவரே" என்று அவர் வலது காதில் கத்தினார். "கரண்டு வந்துருச்சு சார். ரூல் மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மீட்டர் கணக்கெடுக்க வந்தவர், போன தடவையைவிடக் குறைவாக ஓடியிருந்த எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முருகம்மாள் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதிக்கொண்டு போனார்.

அதுவரைக்கும் விளையாட்டுத்தான். கரண்ட் கட் நேரத்தில்தான் விஷயம் வேறு முகம் காட்டியது.

வாரியம் கரண்டை நிறுத்தினால் கம்பி செத்துக் கிடக்க வேண்டும். ஆனால் உக்கிரபாண்டியின் காத்தாடிக்கு அந்தச் சேதி போகவில்லை. காற்று அடிக்கிற வரைக்கும் அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லா வீட்டு பல்பும், தூக்கம் கெட்ட கண் மாதிரி சிவப்பாக முழித்தது. ஃபேன்கள் முனகின. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அந்தக் கரண்டில் மிக்ஸியைப் போட்டதாகவும், அது பின்பக்கமாகச் சுற்றி, அரைத்த சட்னி மறுபடி தேங்காய்ச் சில்லாக மாறிவிட்டதாகவும் சத்தியம் செய்தாள். சில்லையும் காட்டினாள். தெருவுக்கே உக்கிரபாண்டி தெய்வமாகிப் போனார்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, கரண்ட் இல்லாத நேரத்தில், முருகம்மாள் கம்பியைப் பார்த்தாள். ஒரு மயில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சிறகு மேல்கம்பியில், கால் கீழ்க்கம்பியில். காற்றில் தோகை மட்டும் விரிந்து விரிந்து மூடியது. செத்த கம்பியில் செத்த மயில்.

அவளுக்கு அது மயிலாகத் தெரியவில்லை. அந்தக் கம்பங்களில் ஏறி இறங்குகிறவன் அவள் கூடப்பிறந்த தம்பி சங்கிலிமுத்து. ஆமத்தூருக்கு அவன்தான் லைன்மேன்.

மறுநாளே சங்கிலிமுத்து வந்துவிட்டான். கையில் கட்டிங் பிளேயர். அதன் மூக்கு உருகிப்போயிருந்தது.

"மச்சான், என்னைக் கொல்லப் பாக்கீகளா?"

"வா மாப்ளே, சாப்பிடு" என்றார் உக்கிரபாண்டி.

சங்கிலிமுத்து வலது பக்கமாகச் சுற்றி வந்து காதில் வாயை வைத்தான். "ஆபீஸுக்குப் போனைப் போட்டு லைனை நிப்பாட்டச் சொல்லிட்டுத்தான் நாங்க கம்பத்துல ஏறுதோம்! அவுக நிப்பாட்டிருதாக! நீங்க நிப்பாட்டலையே!"

"எனக்கும் ஒரு போனைப் போடு. நிப்பாட்டுதேன்."

"உங்களுக்குப் போனைப் போட்டா அது மணியடிச்சே சாவும்!"

"தம்பி, அதைப் பனையோட சாச்சுப் போட்டுட்டுப் போ. பாவம் என்னைச் சேரட்டும்" என்றாள் முருகம்மாள்.

உக்கிரபாண்டியின் முகம் பால் மறந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "ஆடி மட்டும் போகட்டும் மாப்ளே. ஆடிக் காத்துத்தான் வருஷத்துக்கும் வரவு. ஆவணியில நீயே ஏறி எறக்கிரு." மச்சான் முகத்தில் அடித்தாற்போல் பேச சங்கிலிமுத்துவுக்கு வரவில்லை. அவன் தயங்கிய அந்த இடைவெளியில் உக்கிரபாண்டி உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பெனி கொடுத்த வெடிப் பெட்டி.

"எனக்கு வேற எது கேக்காட்டியும் இது கேக்கும். ஏறுததுக்கு முன்னால ஒண்ணு வை. நான் சுவிட்சை எறக்கிருவேன். எறங்குன பொறவு ரெண்டு வை. தூக்கிருவேன். ஒரு வெடின்னா நிறுத்து, ரெண்டு வெடின்னா போடு."

முருகம்மாள் தலையில் கை வைத்தாள். "ஏங்க, இந்த ஊர்ல போயி வெடியை அடையாளமா வைக்கதா? கல்யாண வீட்டுல மாப்பிள்ளைன்னு கூப்பிட்ட மாதிரியில்ல இருக்கும்? பாதிப் பேரு திரும்பிப் பாப்பான்!"

"என் பெட்டி வெடியோட குரலு எனக்குத் தெரியும்" என்றார் அவர். அது பொய்யில்லை. கண்ணைக் கட்டிவிட்டால்கூட, இது எந்தக் கம்பெனி வெடி, எந்த மாசத்து மருந்து என்று சொல்லிவிடுவார். எங்கே வெடித்தது என்பதைத்தான் சொல்லமாட்டார். அதை அப்போது முருகம்மாள் உட்பட ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. அதுதான் முருகம்மாளைப் பயமுறுத்தியது. ஒற்றை வெடி கேட்கும்போதெல்லாம் அவள் வேலையை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு கேட்ட பிறகுதான் மூச்சை விடுவாள். கூட வேலை பார்க்கிற செல்லத்தாய், "எக்கா, நீ என்ன முங்கு நீச்சலா அடிக்க?" என்று கேலி செய்தாள்.

அவர்கள் கம்பெனி ஊருக்கு மேற்கே, சீமைக்கருவேலங்காட்டைத் தாண்டி இருந்தது. தனித்தனி அறைகள். உள்ளே நுழைகிறபோது வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற கரண்டைத் தரை வாங்கிக்கொள்ளும். செருப்பு கூடாது, இரும்பு கூடாது. அறைகளுக்கு நாலு பக்கமும் கதவு. கதவு சாத்துவதற்கு அல்ல, ஓடுவதற்கு. ஒருத்தி ஓடினால் எல்லாரும் ஓட வேண்டும். ஏன் ஓடுகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டவர்கள் யாரும் பதிலைக் கேட்டதில்லை. அதேபோல ஒருத்தி குப்புறப் படுத்தால் எல்லாரும் படுக்க வேண்டும். சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான். மீதியெல்லாம் தானாக வந்துவிடும்.

ஆடி நடுவில் ஒரு நாள். காற்று அன்று பேய் பிடித்தது போல அடித்தது. வெள்ளி மருந்து என்கிற அலுமினியப் பொடி பறந்து, அறையிலிருந்த எல்லாரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளியாக மினுங்கினார்கள். வெயில் உச்சிக்கு வருகிற நேரம், கிழக்கே ஊர்ப்பக்கம் ஒரு வெடி. எதிர்காற்றில் மெல்லிசாகத்தான் வந்தது. முருகம்மாளின் கை நின்றது. தம்பி கம்பத்தில் ஏறுகிறான். அவர் இறக்கியிருப்பார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரியை எடுத்தாள்.

அப்போது, மிகப் பக்கத்தில், தரை அதிர இரண்டு வெடிகள்.

"என்னடி இது, சாம்பிளா? சாயங்காலம்தானே வெடிப்பாக?" என்றாள் முருகம்மாள்.

"வடக்கேருந்து ஆர்டர் குடுக்க ஆளு வந்திருக்காம். சத்தம் கேட்டுட்டுத்தான் சாப்பிடுவேம்னு நிக்காராம்" என்றாள் செல்லத்தாய்.

முருகம்மாள் எழுந்தாள். பொட்டலில் வெடித்தது இந்தக் கம்பெனி வெடி. வீட்டுப் பெட்டியில் இருப்பதும் இதே வெடி. குரல் ஒன்றுதான். காற்று மேற்கேயிருந்து கிழக்கே. சத்தத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் அவர் வலது காதில் வைத்திருக்கும். திசை தெரியாத காது. இரண்டு வெடி என்றால் போடு. தம்பி இன்னும் கம்பத்தின் மேலே இருக்கிறான்.

அவள் ஓடினாள்.

கருவேலங்காட்டுக்குள் பாதித் தூரம் போன பிறகுதான் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கம்பெனி மொத்தமும் ஓடிவந்துகொண்டிருந்தது. திரி அறை, குழாய் அறை, மருந்து அறை, பெட்டி மடிக்கிற பெண்கள், கணக்கப்பிள்ளை, காவல்காரர், எல்லாரும். ஆர்டர் கொடுக்க வந்த வடநாட்டுக்காரர் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தார். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெயிலில் ஒரு வெள்ளி ஆறு காட்டைப் பிளந்துகொண்டு வருவது போலிருந்தது.

கம்பத்தின் உச்சியிலிருந்த சங்கிலிமுத்து அந்த ஆற்றைப் பார்த்தான். கம்பெனி போய்விட்டது என்று நினைத்தான். உள்ளே அக்கா இருக்கிறாள் என்று நினைத்தான். கட்டிக்கொண்டிருந்த கம்பியை அப்படியே விட்டுவிட்டு, பாதி சறுக்கிப் பாதி குதித்துத் தரைக்கு வந்தான். விழுந்ததில் கணுக்கால் மடங்கியது. அவன் முதுகு மண்ணில் பட்ட அதே நேரத்தில், மேலே அவன் விட்டுவந்த கம்பிக்கு உயிர் வந்தது. இரண்டு வெடி கேட்ட உக்கிரபாண்டி, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து அப்போதுதான் சுவிட்சைத் தூக்கியிருந்தார்.

காற்றில் ஆடிய அந்தக் கம்பி கம்பத்து இரும்பில் உரசியது. உரசிய இடத்தில் பொறி கொட்டியது. கம்பிமத்தாப்புப் போல நீலமும் வெள்ளையுமாக, சடசடவென்று.

முருகம்மாள் காட்டை விட்டு வெளியே வந்தவள் முதலில் பார்த்தது தம்பியை. உயிரோடு உட்கார்ந்திருந்தான். அவள் பெருமூச்சு விடப்போனாள். அடுத்தாற்போலப் பொறியைப் பார்த்தாள். மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது.

பின்னால் வருகிற ஒவ்வொருவர் மேலும் மருந்து. தலைமுடியில், சேலை மடிப்பில், நகக்கண்ணில். நெருப்புக்குப் பயந்து ஓடுகிறவர்களை அவள் நெருப்புக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நில் என்று கத்தினால் நிற்கமாட்டார்கள். ஓடுகிறபோது சொல்வதைக் கேட்கக் கூடாது என்பதுதானே பாடம்.

அவள் அப்படியே குப்புற விழுந்தாள்.

பின்னால் தடதடவென்று மொத்தக் கூட்டமும் விழுந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வடநாட்டுக்காரர் மட்டும் வழக்கம் தெரியாமல் நின்றார். செல்லத்தாய் அவர் காலை வாரிவிட்டாள்.

கூட்டத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு வண்டி திரும்புகிற இடம்தான் இருந்தது. காற்று நல்லவேளையாக மேற்கேயிருந்து அடித்து, பொறியை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. காற்று ஒரு கணம் சுழன்றால் போதும்.

சங்கிலிமுத்து மடங்கிய காலோடு பைக்குள் கையை விட்டான். ஒரு கையில் வெடி, மறு கையில் தீப்பெட்டி.

"எக்கா! ஒண்ணு வைக்கேன்! மச்சான் நிப்பாட்டிருவாக!"

"ஏலே, குச்சியைக் கிழிச்சிராதலே!" அவள் தலையைத் தூக்காமலே கத்தினாள். "எங்க எல்லாத்து மேலயும் மருந்துலே! தூரப் போடு அதை!"

சங்கிலிமுத்து அப்போதுதான் அந்த வெள்ளி மனிதர்களைச் சரியாகப் பார்த்தான். தீப்பெட்டியைக் கீழே வைத்தான். குழந்தையைக் கிடத்துவது போல வைத்தான்.

வீடு கம்பத்துக்கு அந்தப் பக்கம். அவனால் நடக்க முடியாது. முருகம்மாள் முழங்கையை ஊன்றி நகர்ந்தாள். பொறியை விட்டு விலகி, கருவேல முள்ளுக்குள் புகுந்து, வெறுங்காலோடு சுற்றிக்கொண்டு போனாள். முள் ஒவ்வொன்றும் அவளை விசாரித்துவிட்டுத்தான் விட்டது. காற்று ஒரு தடவை தணிந்தது. அவள் அப்படியே நின்றாள். பொறி நேராக மண்ணில் கொட்டியது. பின் மறுபடி மேற்கேயிருந்து வீசியது. நடந்தாள்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது தன்னையறியாமல் நிலைப்படியில் கையை வைத்தாள், செம்புத் தகடு இருப்பது போல. மரம். எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

உக்கிரபாண்டி மீட்டருக்கு முன்னால் முக்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குள் தட்டு கிறுகிறுவென்று பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் "ஏங்க" என்றாள். இன்னொரு தடவை கத்தினாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தது தட்டுக்கு.

அவள் தாண்டிப்போய்க் கைப்பிடியை இறக்கினாள்.

தட்டு நின்றது. தெருக்கோடியில் சடசடப்பு அடங்கியது.

"ஏன் நிப்பாட்டுன? இப்பத்தான் நல்லாப் பின்னால போகுது" என்றபடி அவர் திரும்பினார். வெள்ளியாக மினுங்கிய பெண்டாட்டியைப் பார்த்தார். காலிலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். கதவு வழியாகத் தெருக்கோடியைப் பார்த்தார். கம்பத்தடியில் காலைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை. அதற்கு அப்பால், வெயிலில், ஊரே வெள்ளியாகக் குப்புறக் கிடந்தது. இன்னும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. முருகம்மாள் எழுந்து நிற்பதை அவர்கள் பார்க்கவில்லை அல்லவா?

"ரெண்டு வெடி கேட்டுச்சே" என்றார் மெதுவாக.

அவள் வலது காதருகே குனிந்தாள். "எங்கன கேட்டுச்சு?"

அவர் வாயைத் திறந்தார். கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். முகத்தில் இருந்த நிறம், மீட்டர்த் தட்டு மாதிரி, மெதுவாகப் பின்னால் போனது.

அந்த நேரம் பார்த்துப் பொட்டலில் மறுபடி இரண்டு வெடித்தது. எல்லாரும் ஓடிவந்த அவசரத்தில் நீளத் திரியில் வைத்துவிட்டு வந்த நெருப்பு அங்கே தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. உக்கிரபாண்டிக்கு வேண்டாம் என்றுதான் மனசு சொன்னது. கைக்குப் பழக்கம். அது தானாக எழுந்து சுவிட்சுக்குப் போனது.

முருகம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள். அவள் பிடியிலிருந்த வெள்ளி அவர் விரலெல்லாம் ஒட்டியது. பனை உச்சியில் இறக்கைகள் காற்றில் ஊளையிட்டுச் சுற்றிக்கொண்டேயிருந்தன. பனையில் ஏறி அதை இறக்குவதற்கு இருந்த ஒரே ஆள் கால் மடங்கிக் கிடந்தான். ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது.

அது முடிகிறவரைக்கும் அவள் அந்தக் கையை விடவில்லை என்றுதான் ஆமத்தூரில் சொல்கிறார்கள். சோற்றைக்கூட அவள்தான் ஊட்டினாளாம்.